வீட்டுக்கு வேண்டிய சொற்கள்

ஜூன் 9

ஜெனிதா சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு டைரி எழுதும் வழக்கம் கிடையாது. வேலை பார்த்த காலமெல்லாம் மாணவிகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்தித் திருத்தி, எழுத்தைக் கண்டாலே கை சிவப்பு மையைத் தேடுகிறது.

ஜெனிதா பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண். "அங்கிள் தினமும் என்னென்ன வார்த்தை சொல்றாங்கன்னு எழுதி வைங்க ஆன்ட்டி. ஒரு வரி போதும்" என்றாள்.

இன்று அவர் சொன்னவை: வாட்டர், ஃபேன், நோ, வெயிட், மறுபடியும் வாட்டர்.

ஒரு வரி ஆயிற்று.

ஜூன் 10

ஒரு வரி போதாது. ஜெனிதாவுக்கு இவரைப் பற்றி என்ன தெரியும்?

என் கணவர் அடைக்கலத்துக்குப் பக்கவாதம் வந்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்து, போன வாரம்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வலது கையும் காலும் மெல்ல அசைகின்றன. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பேச்சுதான் போய்விட்டது. அதிலும் போனது தமிழ். இங்கிலீஷ் சொற்கள் மட்டும் ஒன்றிரண்டு வருகின்றன. இரண்டு மொழி தெரிந்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகுமாம். ஏன் என்று மருத்துவருக்கே சொல்லத் தெரியவில்லை.

வேறு யாருக்காவது ஆகியிருந்தால் போகட்டும் என்று விடலாம். இவர் வீட்டுக்குள் இங்கிலீஷ் கூடாது என்று சட்டம் போட்டவர். மீறினால் அன்று ராத்திரி பாத்திரம் கழுவ வேண்டும். அதிகம் மாட்டிக்கொண்டதும் இவரேதான். சட்டம் போடத் தெரிந்த அளவுக்குக் கடைப்பிடிக்கத் தெரியாது. நானோ இங்கிலீஷ் டீச்சர். "பள்ளிக்கூடத்து இங்கிலீஷ செருப்போட வாசல்லயே விட்டுட்டு வா" என்பார்.

இன்னொரு பைத்தியமும் உண்டு. உலகத்தில் உள்ள இங்கிலீஷ் சொல் எல்லாமே தமிழிலிருந்து போனவை என்பார். மேங்கோ மாங்காயிலிருந்து போனது, செரூட் சுருட்டிலிருந்து போனது, கட்டமரான் நம் கட்டுமரம். சரி, இவை உண்மை. அகராதியே ஒப்புக்கொள்கிறது. அதோடு நிறுத்துவாரா? அம்ப்ரெல்லா என்றால் 'அம்பரம் இல்லா'வாம். தலைக்கு மேல் பிடித்தால் வானம் மறைந்துவிடுகிறதே, அதனால். காலத்தைத் தருவதால் கேலண்டர் 'காலந்தர்'. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அம்ப்ரா என்றால் லத்தீனில் நிழல், கேலண்டே என்றால் ரோமாபுரியில் மாதத்தின் முதல் நாள் என்று நான் பாடம் எடுப்பேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவர் உட்கார்ந்திருப்பார். தட்டில் சோறு ஆறிப்போகும்.

அந்த மனிதர் இன்று என்னைப் பார்த்து "வாட்டர்" என்கிறார். கொடுத்தேன்.

ஜூன் 14

லைட், டோர், ஹாட், நோ. மதியம் எனக்குக் கொஞ்சம் தலைவலி.

ஜூன் 17

ஜெனிதா படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்தாள். நாற்காலிப் படத்தைக் காட்டினாள். "சேர்" என்றார். "தமிழ்ல அங்கிள்?" என்றாள். உதடு குவிந்தது, விரிந்தது, நெற்றி வியர்த்தது. சத்தம் வரவில்லை. அவர் அட்டையைத் தள்ளிவிட்டார்.

வருகிற மொழியிலேயே பேச்சுக் கொடுக்கலாம் என்று ஜெனிதா சொன்னதால் நான் முழுக்க முழுக்க இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன். மேஜையைக் காட்டி இது என்ன என்றேன், என்ன நிறம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளும் இப்படித்தான் மூடிக்கொள்வார்கள்.

"ஆன்ட்டி, கிளாஸ் எடுக்காதீங்க. சும்மா பேசுங்க."

"என்னம்மா பேசுறது?"

"நீங்க ரெண்டு பேரும் வழக்கமா என்ன பேசுவீங்களோ அத."

யோசித்துப் பார்த்தேன். காய்கறி, கேஸ் சிலிண்டர், அவர் அக்கா வீட்டு விசேஷம். அது தவிர வார்த்தைச் சண்டை. வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஜூன் 18

அவர் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, "விண்டோவுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். வடக்கே கடலோரம் வாழ்ந்த பழைய சனங்கள் அதைக் காற்றின் கண் என்று சொன்னார்கள். அவர்கள் கூரையில் ஓட்டை விட்டுக் கட்டிய வீடுகள். காற்று அந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்ததாம். அந்தச் சொல்தான் தேய்ந்து விண்டோ ஆயிற்று.

அவர் கண் ஜன்னலுக்குப் போனது.

"நீங்க இருந்தா இப்ப என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். நம்ம ஆளு அதுக்கு முன்னாடியே காலதர்னு பேர் வச்சுட்டான், கால்னா காத்து, அதர்னா வழி. அப்புறம் பலகணின்னான், பல கண்ணு. அவன் ஒரு கண்ணு வச்சான், நாம பல கண்ணு வச்சோம். அதானே?"

இருந்தா என்று சொல்லிவிட்டேன். எதிரில்தான் இருக்கிறார், என்னையே பார்த்துக்கொண்டு.

அவர் கட்சியையும் நானே பேசி முடித்து எழுந்தபோது சட்டென்று "விண்டோ" என்றார். வந்த சொல் இங்கிலீஷ்தான். ஆனாலும் நான் கேட்காமல் வந்த சொல்.

ஜூன் 24

கைக்குப் பயிற்சி கொடுக்கும்போது, மஸில் என்றால் லத்தீனில் சுண்டெலி என்றேன். தோலுக்கு அடியில் எலி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று எவனோ ரோமாபுரிக்காரன் பார்த்திருக்கிறான். "உங்க சுண்டெலி தூங்குது. எழுப்புங்க" என்றேன். பாதி வாயால் சிரித்தார். மீதிப் பாதி இன்னும் சிரிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஜெனிதாவிடம் இதைச் சொன்னேன். எந்த அம்மி என்று கேட்டாள். அவள் வீட்டில் மிக்ஸிதான் உண்டாம்.

ஜூலை 2

காபி குடித்துவிட்டு "நைஸ்" என்றார். நைஸ் என்ற சொல்லுக்கு முதல் பொருள் ஒன்றும் அறியாத மூடம். நானூறு ஐந்நூறு வருஷம் நல்லவர்களோடு பழகி நல்ல சொல்லாகிவிட்டது. இதைச் சொல்லி, "என் காபிய மூடம்னு சொல்லிட்டீங்க" என்றேன். "நோ நோ" என்றார் கையை ஆட்டி. நல்ல நாள்.

ஜூலை 5

ஜெனிதா என்னைக் காட்டி, "இவங்க யாரு அங்கிள்?" என்றாள்.

"ஒய்ஃப்" என்றார்.

ஜெனிதா கை தட்டினாள். பத்துக்குப் பத்து மார்க் போட வேண்டிய பதில். பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குப் பெண் என்று மட்டும்தான் அர்த்தம், யாருடையவளும் இல்லாத யாரோ ஒரு பெண். இதை நான் சொல்லவில்லை.

எழுதிவிடுகிறேன். எனக்கு என் பெயர் வேண்டும். என் பெயர் தமயந்தி. பள்ளியில் எல்லாருக்கும் டீச்சர், தெருவில் டீச்சரம்மா. அப்பா அம்மா போன பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இவர் ஒருத்தர்தான். தமயா என்பார். சாயங்காலம் கேட்டைத் திறக்கும்போதே கூப்பிட்டுக்கொண்டுதான் வருவார். தெருவுக்கே கேட்குது, மெதுவா வாங்க என்று எத்தனை தரம் எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது அந்த நேரமானால் என் காது தானாக வாசல் பக்கம் போய்விடுகிறது. ஆள் உள்ளே கட்டிலில் இருக்கிறார் என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

ஜூலை 13

ஞாயிற்றுக்கிழமை. சிக்கந்தர் பாய் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். இவர் தலைமை எழுத்தராக இருக்கிற லாரி பார்சல் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர். இவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் காபி கொண்டுவந்தபோது, தமிழ் போய் இங்கிலீஷ் நின்ற கொடுமையைச் சொன்னேன்.

"அதுல என்னங்க டீச்சரம்மா ஆச்சரியம்? அண்ணன் இங்கிலீஷ் புலியாச்சே. பார்ட்டிங்களுக்கு லெட்டர் எல்லாம் அண்ணன்தான் எழுதும். அண்ணன் பாக்காம முதலாளி கையெழுத்துப் போட மாட்டாரு."

"இவரா? இங்கிலீஷ்ல ஏபிசிடியே அகத்தியர் போட்டதும்பாரே."

"ஆபீஸ்ல அப்படி ஒண்ணும் பேசுனதில்லையே" என்று பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மேஜைல ஒரு தடி டிக்‌ஷனரி வச்சிருக்கும். சாப்பாட்டு நேரத்துல அதப் பொரட்டிக்கிட்டே தன்னால சிரிக்கும். என்னண்ணே தேடுறீங்கன்னு கேட்டா, 'வீட்டுக்கு வேணும் பாய்'ங்கும். கத்திரிக்கா வாங்கிட்டுப் போற மாதிரி."

இவர் கட்டிலில் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் டீச்சரை வைத்துக்கொண்டு ஆபீஸில் அகராதி எதற்கு? என்னோடு மல்லுக்கட்டுவதற்கு முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். வக்கீலாகப் போயிருக்க வேண்டிய ஆள். பாய் போன பிறகு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். "ஸ்வீட்" என்றார்.

ஜூலை 20

இந்தச் சண்டையெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று ஜெனிதா கேட்டாள். அவளுக்குப் பொழுதுபோகிற கதை. கல்யாணமான புதிதில் கிடையாது. மூன்றாவது வருஷம், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து நீண்ட விடுப்பில் இருந்தபோது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல், "அம்ப்ரெல்லாங்கிறது தமிழ் வார்த்தை" என்றார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்று ஒரு இங்கிதம் வேண்டாமா? அரை மணி நேரம் விடாமல் திட்டினேன். வாங்கிக் கட்டிக்கொண்டும் புத்தி வரவில்லை. மறுநாள் கேலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜெனிதாவிடம் விடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அம்ப்ரெல்லாவை மட்டும் சொன்னேன். சிரித்தாள்.

அவள் அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டுப் போன அட்டைகளில் கைக்குழந்தைப் படம் ஒன்று. எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். இன்ஃபன்ட் என்றால் லத்தீனில் பேச முடியாதது என்று பொருள். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன மணிக்கட்டில் கட்டியிருந்த சீட்டில் என் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்தான் இருந்தது. பெயர் வைப்பதற்கு முன்னால் எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் எழுதுவார்களாம். அந்தச் சொல்லை இந்த வீட்டில் நாங்கள் இருவருமே பேசியதில்லை.

தலைவலி.

ஆகஸ்ட் 3

இரண்டு வாரமாக ஒன்றும் எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லை. புதிய சொல் வரவில்லை. இருந்த சொற்களும் குறைகின்றன. பயிற்சி என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். தண்ணீர் வேண்டுமென்றாலும் விரலைக் காட்டுகிறார்.

ஜெனிதா சமையலறைக்கு வந்து தணிந்த குரலில் சொன்னாள். "மொதல் சில மாசத்துலதான் ஆன்ட்டி வேகமா வரும். அங்கிள் இப்படியே முயற்சி பண்ணாம விட்டுட்டா, அப்புறம் ரொம்ப கஷ்டம். இருக்கிற இங்கிலீஷும் போயிடலாம்."

"அவர எப்படிம்மா முயற்சி பண்ண வைக்கிறது?"

"அவங்களுக்குப் பேசணும்னு தோணணும். நீங்கதான் தோண வைக்கணும்."

பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் மிச்சமிருக்கும் வருஷங்களை இரண்டு பேரும் விரலைக் காட்டிக்கொண்டே கழிப்பதா? கேட்டில் யாரும் கூப்பிடாமலே நான் கிழவியாவதா?

ஆகஸ்ட் 4

தோற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். சந்தோஷத்தில் ஒரு வார்த்தை வராதா?

"நீங்க சொன்னதுதாங்க சரி. அம்ப்ரெல்லா, அம்பரம் இல்லாதான். நல்லா யோசிச்சுப் பாத்தேன்" என்றேன்.

சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். கடைக்காரன் கிழிந்த நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பானே, அப்படி. பிறகு மறுபடி திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 9

ஒப்புக்கொண்டால் போதவில்லை. நானே புதிதாகப் பண்ண ஆரம்பித்தேன். இவ்வளவு படித்துவிட்டு இது எனக்கு ஒரு கேடு. பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வதால் பக்கெட். கிள்ளித் தின்பதால் கேக், நடுவில் எழுத்துகள் எங்கே போயின என்று கேட்கக் கூடாது.

"நோ" என்றார்.

"ஏன் நோ? நீங்க சொன்னா சரி, நான் சொன்னா தப்பா?"

"நோ. நோ. ஃப்ரெஞ்ச்" என்றார். பக்கெட் பிரெஞ்சு வழியாக வந்தது என்பது உண்மை. நான் அவரிடம் அதைச் சொன்னதாக நினைவில்லை.

எப்படியோ, நோவும் ஒரு பேச்சுதான். இரவு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 15

தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அவர் வாயில் போட்டுவிட்டு, "ஹஸ்பண்டுக்கு நீங்க சொன்ன அர்த்தமே இருக்கட்டும், ஆசைப்பந்தம்" என்றேன். கல்யாண நாள் ஒன்றில் அவர் கண்டுபிடித்தது. அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத்தான் மறுத்தேன்.

இன்று அவர் தலையை ஆட்டினார். இடது கையால் தரையைக் காட்டி, கூரையைக் காட்டி, "ஹவுஸ்" என்றார். "ஹவுஸ்... மேன்."

சரியான விடை. வீட்டில் குடியிருப்பவன் என்பதுதான் அதன் மூலம். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. என் ஆள் இப்படிச் சரியாகப் பேசமாட்டாரே. அந்தத் தப்புத்தப்பான ஆள் எங்கே போனார்? அவரை எனக்குத் தேடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருவரை இப்படித் தேடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. எமர்ஜென்சி விளக்கில் சார்ஜ் இல்லை. மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் நிறுத்தினேன். விசிறியை எடுத்து அவருக்கு விசிறிக்கொண்டே, வழக்கம்போல் ஆரம்பித்தேன்.

"கேண்டில் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? நம்ம ஊர்லதான். காண் தீ. இருட்டுல காண்றதுக்கு ஏத்துற தீ. வெள்ளக்காரன் கடைசில ஒரு 'ல்' போட்டுக்கிட்டான்."

அவர் என்னையே பார்த்தார். உதடு இரண்டும் ஒட்டின.

"பொய்" என்றார்.

விசிறி நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?"

"பொய்."

தமிழ். நான் எதிர்பார்த்திருந்த சொல் இது இல்லை என்றாலும் தமிழ். அவர் நிறுத்தவில்லை. இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் தட்டினார்.

"எல்லாம்... பொய்."

"எது எல்லாம்?"

"அம்ப்ரெல்லா" என்று மறுபடி நெஞ்சில் தட்டினார். "பொய்."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா? இத்தனை வருஷமுமா?"

தலையை அசைத்தார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த லத்தீனையும் பிரெஞ்சையும் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேனே. "எதுக்குங்க?" என்றேன்.

பதிலுக்கு வாயைத் திறந்தார். வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. இந்த மாதிரி நேரத்தில் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்பது ஜெனிதாவின் கட்டளை. காத்திருந்தேன். எடுத்துக் கொடுக்க நினைத்தாலும் எனக்குச் சொல் தெரியாது.

"நீ" என்றார். மூச்சு வாங்கினார். "பேசல."

பிறகு, "அதான்" என்றார்.

நான் பேசவில்லைதான். அந்த வருஷம் பள்ளிக்கூடம் போகாமல், தலை வாராமல், கேட்டதற்கு ஊம் கொட்டக்கூட மனமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அவர் அக்கா வந்து பேசினார், என் அம்மா வந்து பேசினார், யாருக்கும் நான் வாய் திறக்கவில்லை. அம்ப்ரெல்லா தமிழ் என்றதும் எழுந்து உட்கார்ந்து அரை மணி நேரம் திட்டினேன். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு இந்த மனிதர், அடடா பேசிவிட்டாள் என்று மறுநாள் அகராதியைத் தேடிப் போயிருக்கிறார். அது அப்படியே பழகிப்போய் ஒரு வாழ்க்கைக்கும் நீண்டுவிட்டது.

அழுதேன். அவர் கையை என் தலைமேல் வைத்தார். இடது கைதான்.

அதற்குப் பிறகு நான் பேசினேன். சொற்களைப் பற்றி இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் பேசாததைப் பேசினேன். ஆஸ்பத்திரியில் அவளை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கொடுத்தார்கள் என்று சொன்னேன். அவருக்குக் கொடுக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும் என்றேன். விரல் நகமெல்லாம் அவருடையதைப் போலவே அகலமாக இருந்ததைச் சொன்னேன். மெழுகுவத்தி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், வகுப்பறையில் பார்த்துப் பழகியவள்.

"அவளுக்கு ஒரு பேர் நெனச்சு வச்சிருந்தேன். உங்ககிட்ட சொல்லவே இல்ல" என்றேன்.

அவர் புருவத்தை உயர்த்தினார்.

"அல்லி."

உதட்டை விரித்தார். நாக்கு மேலே போவது தெரிந்தது. அட்டையில் நாற்காலியைப் பார்த்தபோது பட்ட பாடு எதுவும் இப்போது இல்லை.

"அல்லி" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை சொன்னார், நான் கேட்காமலே.